ஆரைக்கீரையின் சொந்தபந்தம்

நல்லேப்பிள்ளி வயல்களில் ஐம்பதாண்டுக் காலம் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு ஆரை என்பது பகலில் களை. பொழுது சாய்ந்தால் கீரை. வரப்போரச் சேற்றிலிருந்து அதைப் பிடுங்குவதற்குத்தான் அவருக்குக் கூலி. பிடுங்கியதில் இளசாக இருப்பவற்றை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது கூலிக்கு மேற்பட்ட வரும்படி. மெல்லிய காம்பின் நுனியில் நான்கு இலைகள் கூட்டல் குறிபோல் விரிந்திருக்கும். இருட்டியதும் கைகூப்பியதுபோல் மடங்கிக்கொள்ளும். ஆரையைச் சமைத்து உண்டால் நல்ல உறக்கம் வரும் என்று அவர் நம்புவதற்கு அந்த மடங்கலே போதுமான சான்று.

கடந்த சில ஆண்டுகளாக அந்த வீட்டில் ஆரை சமைக்கப்படவில்லை. களை பறிக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் வயல்களில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். மருந்துப் புட்டியின் மேல் ‘அகன்ற இலைக் களைகள்’ என்றொரு வகை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆரை அந்த வகையில் அடங்கும். மருந்து பட்ட வரப்பில் தப்பித் தவறி முளைத்ததையும் மூதாட்டி தொடுவதில்லை. ஐம்பதாண்டுப் பழக்கம் ஒன்றை அவர் யாரிடமும் முறையிடாமல் விட்டுவிட்டார்.

கோவையில் தாவரவியல் முதுகலை படிக்கும் மகள்வழிப் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது அவளது பையில் சிறு சிறு நெகிழி உறைகளும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் இருந்தன. இலையை அந்த மணிகளுக்கு நடுவே இட்டு மூடிவிட்டால் அது விரைந்து உலரும், உள்ளிருக்கும் டி.என்.ஏ. சிதையாமல் ஆய்வகம்வரை போய்ச்சேரும்.

“அம்மிச்சி, ஆரை இப்ப எங்க கெடைக்கும்?”

“கடையறதுக்கா?”

“இல்ல. அதோட சொந்தக்காரங்க யாருன்னு பாக்கோணும்.”

மூதாட்டி சிரித்துவிட்டார். “கீரைக்கு எதுக்கு கண்ணு சொந்தபந்தம்? பொண்ணா எடுக்கப் போற?”

அந்தக் கேள்விக்கு அன்று பேத்தியால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. ஆனால் அது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. உயிர்களின் உறவை அறிவதால் என்ன பயன் என்பதை வகைப்பாட்டியல் தன்னைத்தானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் மூதாட்டியின் வகைப்பாட்டைப் பார்க்கலாம். அவருக்கு ஆரையின் நெருங்கிய சொந்தம் புளியாரை. பெயரிலேயே அது தெரிகிறது. புளியாரைக்கு மூன்று சிற்றிலை, இதற்கு நான்கு. அது புளிக்கும், இது புளிக்காது. இரண்டும் தரையில் படரும், இரண்டும் இரவில் இலை மடக்கும், இரண்டும் குழம்புக்கு ஆகும். கண்ணாலும் நாவாலும் செய்யப்பட்ட வகைப்பாடு இது. சமையலுக்கு இதைவிடச் சிறந்த வகைப்பாடு தேவையில்லை.

ஆனால் புளியாரை மஞ்சள் நிறத்தில் பூக்கும், காய்க்கும், காய் வெடித்து விதை தெறிக்கும். ஆரை பூப்பதே இல்லை. அதன் இளந்தளிர் நாய்வால்போல் உள்நோக்கிச் சுருண்டு பின் அவிழும். காம்பின் அடியில், சேற்றை ஒட்டி, அவரைக்கொட்டை வடிவில் சிறிய கடினமான உறைகள் இருக்கும். மூதாட்டி அவற்றை விதை என்றே எண்ணியிருந்தார். அவை விதைகளல்ல, ஸ்போர்களைத் தாங்கிய பேழைகள். நீர் வற்றிப் பல பத்தாண்டுகள் கிடந்தாலும் மீண்டும் ஈரம் பட்டால் திறந்துகொள்ளக்கூடியவை. சுருண்ட தளிர், பூவில்லாமை, ஸ்போர் ஆகிய மூன்றும் ஒன்றையே சொல்கின்றன: ஆரை ஒரு பெரணி. ஆனைமலையின் ஈரச் சரிவுகளில் மரமாய் உயர்ந்து நிற்கும் மரப்பெரணியும், நல்லேப்பிள்ளி வயலில் கணுக்காலளவு நிற்கும் ஆரையும் ஒரே பெருங்குலம்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்துகிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வெப்பச் சமவெளியில் இருக்கிறது நல்லேப்பிள்ளி. பெரணி தேடியவர்கள் பொதுவாக இச்சமவெளியைக் கடந்து மலையேறியவர்களே. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெடோம் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய தம் படநூலை 1863-64-இல் வெளியிட்டார். நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் வி. எஸ். மாணிக்கம், வி. இருதயராஜ் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைத் தொகுத்து 1992-இல் பெருநூலாக்கினர். இலை வடிவம், ஸ்போர்ப் பைகளின் அடுக்கு, செதில், மயிர், குரோமோசோம் எண்ணிக்கை ஆகியவையே இத்தகைய உழைப்பின் கருவிகள். டி.என்.ஏ. வரிசையைப் படிப்பவர்களும் தங்கள் கையிலுள்ள இலை எதனுடையது என்று அறிய இந்நூல்களையே முதலில் புரட்டியாக வேண்டும்.

ஆனால் வடிவம் சில இடங்களில் கைவிடும். ஆரையே அதற்குச் சான்று. நீர் நிறைந்த வயலில் அதன் காம்பு நீண்டு இலைகள் மிதக்கும். நீர் வடிந்தால் காம்பு குறுகி இலையும் சிறுக்கும். ஒரே செடி இரண்டு இனங்கள்போல் தோன்றும். பாடநூல்கள் பலவும் ஆரையை ‘மார்சிலியா குவாட்ரிஃபோலியா’ என்றே குறித்தாலும், தென்னிந்தியச் சமவெளி வயல்களில் பெரும்பாலும் வளர்வது ‘மார்சிலியா மினூட்டா’. பேத்தி தேடிவந்த சிக்கலும் இதுவே.

ஆரையின் சொந்தங்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். 1753-இல் லின்னேயஸ் மார்சிலியா என்ற பேரினத்தை அமைத்தபோது, நீரில் மிதக்கும் சால்வினியாவையும் அதற்குள்ளேயே சேர்த்திருந்தார். பின்வந்தோர் அதைத் தனியே பிரித்தனர். ஒன்று சேற்றில் வேரூன்றி நாலிலை விரிப்பது. மற்றொன்று வேரே இன்றி மிதப்பது. இவை தனித்தனி மூதாதையரிடமிருந்து தோன்றி, நீர்வாழ்க்கையின் பொருட்டுச் சில பண்புகளில் ஒத்துப்போயின என்று கருதிய அறிஞர்கள் பலர் இருந்தனர். அவ்வாறு கருதியதில் தவறில்லை. ஒத்த சூழல் ஒத்த வடிவங்களை உண்டாக்கும் என்பது உயிரியலின் பழைய பாடம்.

1990-களில் ஒரு மரபணு இக்கேள்விக்குள் வந்தது. ஆர்.பி.சி.எல். என்று அழைக்கப்படும் அது பசுங்கணிகத்தில் இருப்பது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் ஒரு பகுதியை ஆக்குவது. ஒளிச்சேர்க்கை செய்யும் செடி எதுவும் அதைக் கைவிட முடியாது. ஆகவே அது மெதுவாகவே மாறும். ஏறத்தாழ 1,400 எழுத்துகள் கொண்ட அந்த வரிசையைப் பல பெரணிகளிலிருந்து எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டால், எந்த மாற்றத்தை எவையெவை பகிர்ந்துகொள்கின்றன என்பது தெரியவரும். ஜப்பானிய ஆய்வாளர் ஹசேபே குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஒப்பீட்டிலும், பின்னர் கேத்லீன் பிரையர் செய்த ஆய்விலும் மார்சிலியாவும் சால்வினியாவும் ஒரே கிளையில் வந்து சேர்ந்தன. அதே 1994-இல், இரு குடும்பங்களின் பண்புகளையும் ஒருங்கே கொண்ட ‘ஹைட்ரோப்டெரிஸ்’ என்ற தொல்லுயிர் எச்சம் கனடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. கல்லும் மரபணுவும் ஒரே விடையைச் சொன்னால் மறுப்பது கடினம்.

இன்று அந்தக் கிளையின் பெயர் சால்வினியேல்ஸ். அதில் இரண்டு குடும்பங்கள், ஐந்தே பேரினங்கள். உலகில் இன்று வாழும் பெரணிகளில் ஆண், பெண் என இருவகை ஸ்போர்களை உண்டாக்குபவை இவை மட்டுமே. 94 ஆய்வாளர்கள் கூடி 2016-இல் வெளியிட்ட வகைப்பாடு, பெரணிகளையும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டுவந்த லைக்கோஃபைட்டுகளையும் 51 குடும்பங்கள், 337 பேரினங்கள், 11,916 இனங்கள் என ஒழுங்குபடுத்தியது. அதில் லைக்கோஃபைட்டுகள் தனி வகுப்பு. பெரணிகளுக்கு அவற்றைவிடப் பூக்கும் தாவரங்களே நெருங்கிய உறவு என்பதை மரபணுச் சான்று உறுதிசெய்துவிட்டிருந்தது. பழைய பாடநூல்களில் நிலத்தாவரங்களின் தொல்குடியாகப் படம் வரையப்பட்ட சைலோட்டம் என்ற இலையற்ற செடி, ஓஃபியோகிளாசம் என்ற சிறு பெரணியின் உடன்பிறப்பாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய ஏ. ஆபிரகாம், சி. ஏ. நினன் ஆகியோர் 1954-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரோமோசோம்களை எண்ணிக்காட்டியது இந்த ஓஃபியோகிளாசத்தின் ஓர் இனத்தில்தான். பின்னர் அதில் 1,440 வரை எண்ணப்பட்டது. மனிதருக்கு 46.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. இரு மொழிகளில் ஒத்த சொற்கள் இருப்பதாலேயே அவை நெருங்கிய உறவு என்று கூறிவிட முடியாது; பொதுவான புதுமை எது என்று பார்க்க வேண்டும். கன்னடத்தில் ‘கிவி’ என்பது தமிழிலும் மலையாளத்திலும் ‘செவி’. ககரம் சகரமான அந்த மாற்றத்தைத் தமிழும் மலையாளமும் பொது மூதாதையிடமிருந்து பெற்றன. தெலுங்கிலும் அது ‘செவி’தான், ஆனால் தெலுங்கு அம்மாற்றத்தைத் தனியே அடைந்தது என்பதே மொழியியலாளர் முடிவு. காதுக்கு மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. எது உறவு, எது தற்செயல் ஒப்புமை என்பதை ஒரு சொல்லைக் கொண்டு தீர்மானிக்க இயலாது; நூறு சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஆரைக்கும் புளியாரைக்கும் உள்ள உறவு தற்செயல் ஒலியொப்புமை போன்றது. ஆரைக்கும் சால்வினியாவுக்கும் உள்ள உறவு, கேட்டால் விளங்காத, ஆனால் இலக்கணத்தில் ஒளிந்திருக்கும் உறவு.

கடன் வாங்குதலும் இரு துறைகளிலும் உண்டு. நல்லேப்பிள்ளித் தமிழர் குளத்துப் பாசியை மலையாள வழக்கில் ‘பாயல்’ என்கிறார்கள். அதனால் அவர்கள் பேச்சு மலையாளமாகிவிடுவதில்லை. பாசி, பாயல் இரண்டும் பசுமை என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது வேறு செய்தி. பிரிந்த உறவினரிடமே கைமாற்று வாங்கிய கதை அது. பெரணிகளும் வாங்கியிருக்கின்றன. மங்கிய ஒளியை உணர உதவும் நியோகுரோம் என்ற மரபணு பெரணிகளுக்குள் வந்தது கொம்புப்பாசிகளிலிருந்து என 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவன அறிஞர்கள் ‘டெக்டேரியா’ என்ற பெரணியின் ஒரு புரதம் பருத்தியை வெள்ளை ஈயிடமிருந்து காப்பதாக 2016-இல் அறிவித்தனர். 2018-இல் அசோலா, சால்வினியா ஆகியவற்றின் முழு மரபுத்தொகுதிகள் படிக்கப்பட்டபோது, அப்புரதத்துக்கான மரபணு ஏதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெரணிகளுக்கு வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒரு மரபணுவை மட்டும் வைத்துக் குடும்பமரம் வரைந்தால் பெரணியைப் பாக்டீரியாவின் பிள்ளையாக்கிவிடும் பிழை நேரும். அதனால்தான் இன்று பல மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கிறார்கள்.

இவையெல்லாம் சரி, மூதாட்டியின் கேள்வி அப்படியே நிற்கிறது. சொந்தம் தெரிந்து என்ன செய்வது?

அதற்கு ஒரு விடை கேரளத்தின் நீர்நிலைகளிலேயே இருக்கிறது. ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று அங்கே அழைக்கப்படும் மிதவைச் செடி ஒரு சால்வினியா. அதாவது, ஆரையின் ஒன்றுவிட்ட சொந்தம். குட்டநாட்டின் வயல்களையும் கால்வாய்களையும் அது மூடியபோது படகு நகரவில்லை. நெல் விதைக்குமுன் அதை அள்ளிக் கொட்டவே பெருஞ்செலவானது. உலகின் பல நாடுகளில் அது பரவியிருந்த காலத்தில் அறிஞர்கள் அதை ‘சால்வினியா ஆரிகுலேட்டா’ என்றே கருதினர். அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளை டிரினிடாடு முதலிய இடங்களிலிருந்து கொண்டுவந்து ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தனர், பெரிதாகப் பயனில்லை. 1972-இல் டி. எஸ். மிட்செல் அது வேறொரு இனம் என்று காட்டி ‘சால்வினியா மொலெஸ்டா’ எனப் பெயரிட்டார். அதன் பிறகே அதன் உண்மையான தாயகம் தேடப்பட்டு, 1978-இல் தென்கிழக்கு பிரேசிலில் கண்டறியப்பட்டது. அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த சிறு கூன்வண்டு 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரி தெளிந்தது. அந்த வண்டும் முதலில் ஏற்கெனவே தெரிந்த இனமாகவே கருதப்பட்டது; 1985-இல்தான் அதுவும் தனியினம் என விவரிக்கப்பட்டது. 1980-களில் அது இந்தியாவுக்கும் கேரளத்துக்கும் வந்து, பல நீர்நிலைகளை மீட்டது. செடியின் பெயர் தவறாக இருந்தவரை தீர்வு கிடைக்கவில்லை. ‘ஆப்பிரிக்கன்’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்றும் தவறாகவே இருக்கிறது.

சொந்தம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு விடை உண்டு. 1861-இல் ஆஸ்திரேலியாவின் உள்நிலத்தில் சிக்கிய பர்க், வில்ஸ் என்ற பயணிகள் அங்குள்ள ஒருவகை ஆரையின் ஸ்போர்ப் பேழைகளை அரைத்து உண்டனர். யந்த்ருவந்தா மக்கள் அதை உண்டு நலமாக வாழ்ந்தவர்கள். பயணிகள் செடியை அறிந்துகொண்டார்கள். அதைப் பக்குவப்படுத்தும் முறையை முழுதும் கற்றுக்கொள்ளவில்லை. வயிறு நிறைய உண்டும் மெலிந்து மாண்டனர். உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைக்கும் நொதி அச்செடியில் இருப்பதும் ஒரு காரணம் எனப் பின்வந்த ஆய்வாளர்கள் கருதினர். எவ்வரப்பில் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை கொதி விட வேண்டும் என்ற மூதாட்டியின் அறிவு எந்த மரபணு வரிசையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

அன்று பாட்டியும் பேத்தியும் மருந்து தெளித்த வயல்களைக் கடந்து நெடுந்தூரம் நடந்தார்கள். கடைசியில், சாகுபடி கைவிடப்பட்ட ஒரு துண்டு நிலத்தின் ஓரத்தில், வாய்க்கால் கசிந்து தேங்கிய சேற்றில் ஆரை இருந்தது. பேத்தி சில இலைகளைப் பறித்துச் சிலிக்கா உறையில் இட்டு இடமும் தேதியும் எழுதினாள். மூதாட்டி தம் பங்குக்கு வேரும் மண்ணுமாக ஒரு கைப்பிடி பெயர்த்து முந்தானையில் ஏந்திக்கொண்டார். வழியில் தம் சொந்தங்களைப் பற்றியே பேசிவந்தார். பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கம், பாதிப்பேர் சித்தூர் வட்டம். 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு மொழிப் பள்ளிகளுக்குப் போனார்கள். “இப்ப பேச்சு கொஞ்சம் மாறிப்போச்சு. ஆனா ஒரு எழவு வீட்டுல பாத்தா யாரு யாருக்கு என்ன முறைன்னு சொல்லீருவேன்” என்றார். பரிணாமக் கிளைமரத்தைப் படிப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது அரிது. கிளைகள் எவ்வளவு விலகியிருந்தாலும், எந்தக் கணுவில் பிரிந்தன என்று தெரிந்தவர்களுக்கு முறை தவறாது.

வீட்டுக் கொல்லையில் மாட்டுத் தீவனத்துக்காக அசோலா வளர்க்கும் தார்ப்பாய்த் தொட்டி இருக்கிறது. அசோலாவும் ஒரு நீர்ப்பெரணி. தன் இலைக்குழிகளில் ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியாவைக் குடிவைத்து, அதன் துணையால் காற்றின் நைட்ரஜனை உரமாக்கிக்கொள்வது. மூதாட்டி அத்தொட்டியின் ஓரத்தில் சேறு குவித்து ஆரையை நட்டார். வாய்க்கால் நீரோடு வந்த ஆப்பிரிக்கன் பாயலும் இரண்டொன்று அதில் மிதந்தது. பேத்தி தொட்டியைக் காட்டிச் சொன்னாள்: “நீங்க கேட்டீங்களே அம்மிச்சி, இதுதான் ஆரையோட சொந்தபந்தம். இந்த மூணும் ஒரே குடும்பத்து வாரிசு.”

மூதாட்டி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். நாலிலைச் செடி, தவிட்டுப் பொடிபோல் மிதக்கும் அசோலா, மயிரடர்ந்த பாயல். நம்பியதாகவும் தெரியவில்லை, மறுக்கவும் இல்லை. பிறகு குனிந்து பாயலை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

“சொந்தமா இருந்தா இருக்கட்டும். இத விட்டா மத்த ரெண்டுக்கும் எடம் இருக்காது.”

சிலிக்கா உறை கோவைக்குப் போய்விட்டது. எவ்வினம் என்ற முடிவு வரச் சில மாதங்கள் ஆகும். தொட்டியில் நட்ட ஆரையில் சுருண்ட புதுத்தளிர்கள் வந்திருக்கின்றன. ஒரு கடைசலுக்கு இன்னும் போதாது.